ஆங்கிலத்தில் சொன்ன தலைவலி

அன்றைக்கு நான் மூன்று முறை சொன்னேன். இரண்டு முறை தமிழில், ஒரு முறை ஆங்கிலத்தில். மூன்றாவது முறை சொன்னதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கர்ப்பத்தின் 34ஆவது வாரம். ஆய்வேட்டின் நான்காம் இயலை நெறியாளருக்கு அனுப்பிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வட மாவட்டம் ஒன்றில் இருக்கும் காலனி அது. வளைகாப்பெல்லாம் வேண்டாம் என்று நானும் இணையரும் எவ்வளவோ சொல்லியும், அம்மா ஐந்து வகைச் சோறு கட்டி, தெருப் பெண்களைக் கூப்பிட்டு வளையல் போட்டுத்தான் விட்டார். அன்று எடுத்த படங்களில் என் முகம் ஊதியிருக்கிறது. எல்லோரும் ‘களை வந்துடுச்சு’ என்றார்கள். மோதிரம் விரலில் இறுகியதை நானும் ‘களை’ என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் தலைவலி. மடிக்கணினியைப் பார்த்துப் பார்த்து வந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை கண் முன்னே மின்மினி பறப்பதுபோலத் தெரிந்தது. வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். முதல் முறை சொன்னது அங்கேதான். ‘தலை ரெண்டு நாளா வலிக்குது டாக்டர், கண்ணுல பூச்சி பறக்குது, நெஞ்சுக்குக் கீழ வலி.’

‘எந்தத் தெரு?’ என்று கேட்டார். அம்மா ‘காலனி’ என்றார். ‘முதல் புள்ளையா? அதான் பயம். வாயு.’ ஒரு திரவ மருந்து, நான்கு மாத்திரை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி மேசை மேலேயே இருந்தது. அதன் பட்டை சுருட்டியபடியே இருந்தது. அவர் என் நாடியைப் பிடிக்கவில்லை, வயிற்றில் கை வைக்கவில்லை. இதைத் தீண்டாமை என்று நான் புகார் கொடுக்க முடியாது. அவர் அன்று யாரையுமே தொடாமல் இருந்திருக்கலாம். நமக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லாத இடத்தில்தான் சாதி வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு வாந்தி. சுவர்க்கடிகாரத்தில் பாதி எண்கள் தெரியவில்லை. தம்பி 108க்கு அடித்தான். வண்டி கிளம்பத் தாமதமில்லை, ஓட்டுநரும் செவிலியரும் விரைவாகத்தான் வந்தார்கள். ஆனால் வரைபடத்தில் எங்கள் ஊர் பெயரைப் போட்டால் அது ஊர்த்தெருக் கோயிலடியில் போய் நிற்கும். காலனி அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், ஏரிக்கரை தாண்டி. கோயிலடியில் வண்டி நின்றது. திண்ணையில் படுத்திருந்தவர்கள், யாருக்கு, எந்த வீடு, என்ன விசயம் என்று விசாரித்து முடித்த பிறகே வழி சொல்லியிருக்கிறார்கள். தம்பி டார்ச் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடி, அங்கிருந்து வண்டியைக் கூட்டிவந்தான். இருபது நிமிடம் போனது. ஓர் ஊருக்கு இரண்டு ஊர் இருக்கிறது என்பதை நான் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த இருபது நிமிடம் அந்தப் பக்கத்தில் இல்லை.

அரசு மருத்துவமனையின் பிரசவப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி இருக்கும். மூன்று பெஞ்சில் பதினொரு பெண்கள். மேசையில் இருந்த செவிலியர் நிமிராமலே கேட்டார்: ‘வலி வந்துருச்சா?’

‘வலி வரல சிஸ்டர். தலைதான் வலிக்குது. கண்ணு சரியா தெரியல.’ இது இரண்டாவது முறை.

‘வலி இல்லன்னா ஏன் இந்நேரத்துல வர்ற? அங்க போய் உக்காரு. ஏம்மா, நீ வெளிய நில்லு, கூட்டம் போடாத.’ இரண்டாவது வாக்கியம் அம்மாவுக்கு. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் செவிலியருக்கு என் வயதுதான் இருக்கும்.

அவர்மேல் இன்று எனக்குக் கோபம் குறைவு. முந்தைய இரவு எட்டு மணியிலிருந்து அந்த மேசையில் அவர் ஒருவர்தான். ஆனால் ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று ஏதோ ஒன்று முடிவு செய்கிறது. புடவையா, பேச்சா, கூட வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரா கேள்வி கேட்கிறாரா என்பதா. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் மருத்துவர் கோப்போடு நடந்து போனார். நான் எழுந்து நின்றேன்.

‘எக்ஸ்கியூஸ் மீ டாக்டர். ஐ ஆம் தர்ட்டி ஃபோர் வீக்ஸ் ப்ரெக்னன்ட். ஐ ஹேவ் சிவியர் ஹெடேக் அண்ட் பிளர்டு விஷன். ஐ ஆம் எ பிஎச்.டி. ஸ்காலர்.’

அந்தக் கடைசி வாக்கியத்துக்கும் என் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. இந்த நாட்டில் முப்பது வருடம் இந்த உடம்போடு வாழ்ந்ததில் அது தானாக வந்தது.

அவர் நின்றார். திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், பட்டையைக் கையில் சுற்றினார். 180/120. அடுத்த நிமிடம் எல்லாம் மாறிவிட்டது. ‘உக்காரு’ என்ற செவிலியர் ‘மேடம், இப்படி வாங்க, மெதுவா’ என்றார். நாற்காலி வந்தது. சக்கரப் படுக்கை வந்தது. தமிழில் ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் அன்று ஒரு ரத்த அழுத்தக் கருவியோடு சேர்த்துக் கடந்தேன். அம்மா மட்டும் ‘நீ’யாகவே கதவுக்கு வெளியே நின்றார்.

இருபத்தைந்து நிமிடத்தில் எனக்கு வலிப்பு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் நினைவில் இல்லை. மற்றவர்கள் சொல்லிக் கோத்ததுதான். அதற்குமுன் இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதைப் படிப்பவர்களில் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ அக்காவுக்கோ இது தேவைப்படலாம்.

கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கினால் அதற்கு ப்ரீ எக்லாம்ப்சியா என்று பெயர். நஞ்சுக்கொடியில் தொடங்கும் கோளாறு இது. ரத்தக்குழாய்களைக் கெடுத்து, கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். 160/110ஐத் தாண்டினால் அவசரம். விடாத தலைவலி, பார்வை மங்குவது, கண்ணில் பொறி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது ஆகியவை அறிகுறிகள். மாசமாக இருப்பவருக்குக் கால் வீங்குவது சகஜம்தான்; முகம் வீங்குவது அப்படியில்லை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், அதுதான் எக்லாம்ப்சியா. குழந்தை பிறந்த பிறகும், சில வாரங்கள் வரைகூட வரலாம். முதல் பிரசவத்தில் ஆபத்து அதிகம். முழுத் தீர்வு, குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதுதான். அதுவரை தாயைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்து இருக்கிறது: மெக்னீசியம் சல்பேட்.

விலை மலிவான உப்பு மருந்து அது. வலிப்பு வந்த பெண்களுக்கு மற்ற மருந்துகளைவிட இதுவே மேல் என்று 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து பதினைந்து அடி தூரத்து அலமாரியிலும் இருந்தது.

எங்கள் தெருக் கிழவிகள் இறந்துபோன பெண்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் வரும்: ஜன்னி. ‘ரெண்டாவது அக்கா ஜன்னி கண்டு செத்தா.’ ‘அவ ஆத்தாளும் அப்படித்தான், பல்லைக் கடிச்சிக்கினு போயிட்டா.’ பிரசவக் காய்ச்சலையும் வலிப்பையும் சேர்த்து ஜன்னி என்றே சொல்லியிருக்கிறார்கள். என் பாட்டியின் தங்கை அப்படிப் போனவர்தான். அவருக்குப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்ததாகக் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் அதை விதி என்று கேட்டு வளர்ந்தேன். பிறகு மூடநம்பிக்கை என்று கோபப்பட்டேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. மருத்துவர் தொட வராத தெருவில் வேப்பிலையாவது வந்தது.

வலிப்பு வந்தபோது அம்மா வெளியே இருந்தார். மருத்துவர் கோப்பு எழுதிக்கொண்டிருந்தார், செவிலியர் மருந்தை அளந்துகொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்தது நான் எடுத்த வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். என் வாய் ஒரு பக்கம் இழுத்ததை முதலில் பார்த்தவர் அவர். கத்திக் கூப்பிட்டுக்கொண்டே என்னை இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறார், வாந்தி மூச்சுக்குழாயில் போகாதபடி. நான்காம் நாள் நன்றி சொன்னேன். ‘எத்தினி பாத்திருக்கேன் கண்ணு. நிமித்திப் போட்டா போச்சு’ என்றார். பதினான்கு வருடமாக அதே வேலை. சம்பளம் ஒப்பந்ததாரர் வழியாக. அவருடைய அடையாள அட்டையில் இருப்பது ‘துப்புரவு’. அவருக்குத் தெரிந்த வைத்தியம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இது புதிதும் அல்ல. எங்கள் பக்கத்தில் ஊர்த்தெருவுக்குப் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் அவர்களையே தீட்டு என்று தள்ளிவைத்தார்கள். காலனியில் எங்கள் பாட்டிகளே பார்த்துக்கொண்டார்கள். ரத்தத்தையும் நஞ்சுக்கொடியையும் அள்ளும் கைகளுக்கு அறிவு இருக்க முடியாது என்பது சாதியின் பழைய தீர்ப்பு. கட்டடம் மாறியிருக்கிறது. கடைநிலையில் யார் நிற்கிறார்கள் என்பது அவ்வளவாக மாறவில்லை. நான் இருந்த ஒன்பது நாளில் அந்தப் பிரிவில் பார்த்த தூய்மைப் பணியாளர்களில் பேசிப் பழகிய நான்கு பேரும் நம் மக்கள்.

அறுவை சிகிச்சை செய்து மகளை எடுத்தார்கள். 1 கிலோ 850 கிராம். ரத்தத் தட்டணுக்கள் விழுந்துபோனதால் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். சென்னையிலிருந்து இணையரோடு எங்கள் வாசகர் வட்டத் தோழர்கள் ஐந்து பேர் ரத்தம் கொடுக்க வந்து நின்றதை அம்மா இன்றுவரை சொல்கிறார். எனக்குள் ஏறியது யாருடைய ரத்தம் என்று தெரியாது. பையில் வகையும் எண்ணும் தேதியும் மட்டும்தான் எழுதியிருந்தன. அந்த மருத்துவமனையில் சாதி இல்லாமல் என்னிடம் வந்த ஒரே பொருள் அதுதான் என்று இணையரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். தையல் வலித்தது.

மருந்து உள்ளே போகும்போது உடம்பே கொதிப்பதுபோல இருக்கும். நான்கு மணி நேரத்துக்கொருமுறை இடுப்பில் ஊசி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீர் அளவைப் பார்ப்பார்கள்; மருந்து மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். ஒரு நாள் முழுக்க, இரவிலும், அந்த மருத்துவரும் செவிலியர்களும் தவறாமல் செய்தார்கள். என்னைப் பெஞ்சுக்கு அனுப்பிய அதே செவிலியரும்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவள். என்னைக் காப்பாற்றியது அரசு மருத்துவமனை. முந்தின நாள் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வாயு என்று சொன்னது தனியார்.

அந்த மருத்துவர் முதுநிலை மாணவி. அதற்குமுன் மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் மகப்பேறு மருத்துவம் படிக்க வந்திருக்கிறார். தமிழ்நாட்டில் மாவட்ட மருத்துவமனைகளில் நடு இரவில் அறுவை சிகிச்சை செய்ய ஆள் இருப்பதற்கு அந்த ஒதுக்கீடு ஒரு முக்கியக் காரணம். அதைப் பறிக்கப் பார்த்தபோது மருத்துவர்கள் சங்கம் வழக்காடி, மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் தீர்ப்பு வாங்கியது. ‘தகுதி’ பற்றி உங்களிடம் யாராவது வகுப்பெடுத்தால், ஒதுக்கீட்டில் வந்த கைதான் என் வயிற்றைத் திறந்து இரண்டு உயிரை எடுத்தது என்று சொல்லுங்கள்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் கேட்டேன். ‘டாக்டர், அன்னைக்கி நான் தமிழ்ல கூப்பிட்டிருந்தா நின்னிருப்பீங்களா?’

தையலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘நின்னிருக்கணும்’ என்றார்.

நின்றிருப்பேன் என்று சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் பக்கத்துக் கட்டில். இருளர் பெண். இருபது வயதுகூட இருக்காது. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம். எட்டாம் மாதம்வரை கல் அறுத்திருக்கிறாள். அவளுக்கும் அதே நோய், அதே தலைவலி. மூன்று நாளைக்கு முன்பே சூளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறாள். ‘கண்ணு இருட்டுதுன்னு சொன்னேங்க்கா. வெயில்ல நிக்காதன்னாரு.’ சூளைக்காரனிடம் விடுப்புக் கேட்டதற்கு, போன வாரம் எடுத்த பணத்துக்கு யார் கல் அறுப்பது என்று கேட்டானாம். வலிப்பு சூளையிலேயே வந்தது. அவள் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது.

அவளிடம் கர்ப்பப் பதிவு அட்டை இல்லை. பதிவு, நிலையான முகவரி இருப்பவருக்கு எளிது. கிராம செவிலியர் வீடு தேடி வருவார். ஆறு மாதம் ஒரு சூளை, ஆறு மாதம் இன்னொன்று என்று கடனோடு நகர்பவளைத் தேடி யார் வருவார்? மாதாமாதம் யாராவது அவள் கையில் அந்தப் பட்டையைச் சுற்றியிருந்தால் ஏறும்போதே தெரிந்திருக்கும். அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றே. பார்க்கப்போனால் ‘கண்ணு இருட்டுது’ என்பது ‘பிளர்டு விஷ’னைவிடத் துல்லியமான சொல்.

பேறுகால மரணங்களைப் பற்றி எழுதுபவர்கள் மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. என் துறையிலும் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறோம். அதில் வறுமை வரும், சாலை வரும், படிப்பறிவு வரும். என் கதையைப் போட்டுப் பாருங்கள்: முடிவெடுத்தோம், கிளினிக்குக்குப் போனோம், வாயு என்று திருப்பி அனுப்பினார்கள். வண்டி வந்தது, கோயிலடியில் நின்றது. மருத்துவமனை வந்தது, பெஞ்சில் உட்கார வைத்தது. மூன்று இடத்திலும் எங்கள் பக்கத்தில் தாமதம் இல்லை. ‘தாமதம்’ என்ற சொல்லே யாரும் தாமதிக்காத மாதிரி, கடிகாரம் மட்டும் தவறு செய்த மாதிரி ஒலிக்கிறது.

தமிழ்நாட்டின் எண்கள் பெருமைப்படத் தக்கவை, மறுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 மாதிரிப் பதிவின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால் தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19. நாம் வடக்கைப் பார்த்துப் பெருமைப்படும் அளவுக்கு மேற்கைப் பார்த்து வெட்கப்படுவதில்லை. ஆனால் என் கேள்வி அதுவல்ல. அந்த 54 பேர் யார்? அந்த அறிக்கையில் வயது இருக்கிறது, மாநிலம் இருக்கிறது, சாதி இல்லை. என் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது செவிலியர் என் சாதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். பதியும்போது இருக்கிற கட்டம், இறப்பை எண்ணும்போது எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகால இறப்பையும் தணிக்கை செய்யும் ஏற்பாடு இருக்கிறது. இறந்தவர் எந்த மருத்துவமனைக்கு எத்தனை மணிக்கு வந்தார், எங்கிருந்து எங்கே அனுப்பப்பட்டார், யார் எப்போது பார்த்தார்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அதே விசாரணையில் பட்டியல் சாதியா, பழங்குடியா, எத்தனை முறை சொன்னார், சொன்னபோது யார் கேட்டார் என்பதையும் சேர்த்து, பெயர் நீக்கி, ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லி நாம் ஏன் இன்னும் கேட்கவில்லை? சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக இவ்வளவு பேசுகிறோம். பிரசவ வார்டு நம் பட்டியலில் வரவே இல்லை. இயக்கத்தில் இருக்கும் ஆண் தோழர்களை நான் குறிப்பாகவே கேட்கிறேன். ஆணவக் கொலையில் இறந்தால் ஊர்வலம் போகிறோம், போக வேண்டும். தலைவலி என்று சொல்லி யாரும் கேட்காமல் இறந்தவளுக்கு ‘ஜன்னி’ என்று சொல்லிவிட்டுப் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் இதை நம்மைவிட முன்பே பார்த்தவர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதா வந்தபோது ஆதரித்துப் பேசினார். பேறுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன், ஆகவே அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். மறுவருடம் அது சட்டமானது. ரமாபாயும் அவரும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை இழந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு அந்தப் பேச்சைப் படிக்க என்னால் முடிவதில்லை. கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, எனக்கு முனைவர் பட்ட மாணவி என்பதால் பல்கலைக்கழக மானியக்குழு விதிப்படி 240 நாள்வரை விடுப்பு எடுக்க வழி இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு நாற்பதாம் நாள் சூளை. அவள் அறுத்த கல்லில் ஆலைகளும் பல்கலைக்கழகங்களும் எழும்பும்.

ஊர் திரும்பியதும் உறவெல்லாம் பார்க்க வந்தார்கள். சாமி காப்பாத்துச்சு என்றார் ஒருவர். மாமா, இயக்கத்தில் நாற்பது வருடம் இருப்பவர், ‘சாமியுமில்ல பூதமுமில்ல, படிச்சதால பொழச்ச’ என்றார் பெருமையாக. அது என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. உண்மைதான். படித்ததால்தான் பிழைத்தேன். ஆனால் கற்பி என்று அண்ணல் சொன்னது, கதவைக் காக்கும் ஆளிடம் சொல்ல ஆளுக்கொரு ரகசியச் சொல் வேண்டும் என்பதற்காகவா? பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து நான் ஒருத்தி மட்டும் எழுந்து போனேன். எனக்குப் பின்னால் வந்த பட்டம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போக உதவியது. அதில் எனக்கு வெட்கம் இருக்கிறது. மறுபடி அப்படி நேர்ந்தால் மறுபடியும் ஆங்கிலத்தில்தான் கத்துவேன் என்பதும் தெரியும்.

மகளுக்கு இப்போது ஏழு மாதம். பக்கத்துக் கட்டில் பெண் கொடுத்த எண்ணுக்குப் பலமுறை கூப்பிட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தூய்மைப் பணி அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் கைமாறியதில் அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் அம்மாவைச் சுற்றி மூன்று பெண்கள். ஒருத்திக்கு ஏழு மாதம், இன்னொருத்திக்கு ஆறு. அம்மா மூன்றாவதுவரை படித்தவர். ‘தலை வலிச்சா, கண்ணு மங்குனா, எங்க போனாலும் இதச் சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்’ என்றார்.

‘பெலரு விசனு’ என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

‘சிரிக்காத. திருப்பிச் சொல்லு’ என்றார் அம்மா.